கேட்டில் நிற்கும் மீசை

இரண்டு விரல்களைப் பையனின் பிடரி முடிக்குள் செருகுகிறார் பலராமன் மாஸ்டர். விரலுக்கு மேலே முடி எட்டிப் பார்த்தால் பையன் வெளியே; பார்க்காவிட்டால் உள்ளே. கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் காம்பைத் திருப்பிப் பார்ப்பதுபோல் தலையை ஒரு திருப்பு. காதோரம், புருவம், கழுத்து எல்லாம் அந்த ஒரு திருப்பில் முடிந்துவிடும். "போ. நீ போ. நீ போ. நீ எங்கடா போற? நில்லு." நில்லு என்று சொல்லப்பட்டவன் எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டுக்கு உட்புறம் புங்க மரத்தடியில் ஒரு வரிசை உண்டு. தானாகவே போய் அதில் சேர்ந்துகொள்வான்.

செங்கம் ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடம் அது. பெயர் வேண்டாம். என் மகள் சிந்துஜா அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நான் வாயை அளந்துதான் திறக்க வேண்டும். எதிர்ச் சாரியில் என் ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் மணிவேலின் சலூன். காலை வேளையில் எனக்கும் வியாபாரம் இருக்காது, மணிவேலுக்கும் இருக்காது. ஆகையால் இருவரும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு மாஸ்டரைப் பார்ப்போம். டி.வி.யில் இவ்வளவு விறுவிறுப்பாக ஒன்றும் வருவதில்லை.

பள்ளிக்கூடத்தின் கணக்கில் அவர் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு 'கேட்டு சார்'. ஆள் ஒல்லி. நீல டிராக் பேண்ட், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். இவற்றையெல்லாம் கழற்றிவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். ஆனால் மீசை இருக்கிறதே! மேலுதட்டில் கிளம்பி, கன்னத்தில் ஏறி, காது வரைக்கும் போய்விட்டு வரலாமா என்று யோசிக்கிற மீசை. ஒரு நரை தெரிய விடமாட்டார். முதலில் மீசை வரும், கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் வருவார் என்பது மணிவேலின் கட்சி.

டை இழுத்துக் கட்டினால் கழுத்துப் பட்டனைத் தொட வேண்டும். ஷூ கறுப்பு, கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, அடியில் வெள்ளைக் கோடு ஓடக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இரட்டை ஜடை, மடித்துக் கட்டிய கறுப்பு ரிப்பன். பூ கூடாது, மருதாணி கூடாது. மாமா கல்யாணத்துக்குப் போய் மருதாணி வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், சிவப்பு மங்குகிற வரைக்கும் கையைப் புத்தகப் பைக்குள் விட்டு எதையோ தேடுகிற பாவனையில்தான் கேட்டைக் கடக்கும். மாஸ்டரும் விடமாட்டார். "என்னாம்மா தேடற? கெடச்சதும் கைய வெளிய எடு, நான் வெய்ட் பண்றேன்."

"ரூல்ல என்னா எழுதிருக்குதோ அதான். நீ அர்த்தம் பிரிக்காத" என்பது அவருடைய வேதவாக்கு. அதற்கு அடுத்தது, "உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு கெடையாது. கலெக்டர் புள்ளயா இருந்தாலும் சாக்ஸ் மேல ஏறணும்." ஜாஸ்தி, கம்மி என்ற இரண்டே சொற்களால் உலகத்தை அளந்துவிடுவார். முடி ஜாஸ்தி. பாவாடை நீளம் கம்மி. பேச்சு ஜாஸ்தி. மார்க் கம்மி. இத்தனைக்கும் அவருடைய டி.வி.எஸ். வண்டியில் தொங்குகிற மஞ்சள் பையில் ரிப்பன், சாக்ஸ், ஷூ பாலிஷ், ஊக்கு எல்லாம் இருக்கும். முதல் தப்புக்குப் பை. அதே தப்பு மறுபடி வந்தால் மரத்தடி. அவர் கை வைத்து ரிப்பன் கட்டிவிட்ட ஜடை சாயங்காலம் வரைக்கும் அவிழாது என்று சிந்துஜா சொல்கிறாள். அவளுக்கு இரண்டு முறை கட்டிவிட்டிருக்கிறார் போலிருக்கிறது. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பெற்றோருக்கும் விலக்கு கிடையாது. நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு பிள்ளையை விட வருகிற அம்மாக்களுக்கு ஸ்பீட் பிரேக்கர்தான் எல்லை. அதைத் தாண்டினால் விசில். ஒருநாள் சிந்துஜா மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்க நான் லுங்கியோடு சாலையைத் தாண்டினேன். விசில் அடித்தது.

"சார், நீங்க இப்ப பேரண்ட்டா, ஜெராக்ஸா?"

"ரெண்டும்தான் சார்."

"பேரண்ட்டுன்னா பேண்ட்டு, இல்ல வேட்டி. ஜெராக்ஸ்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

டிபன் பாக்ஸை அவரே வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. மணிவேல் சிரித்ததால் அதைவிடக் கூடுதலாக வெட்கம் வந்தது. அன்று முதல் கடையில் ஒரு வேட்டி மாட்டி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகூட அவர் கண்ணுக்கு ஓய்வு இல்லை. தேரடித் தெருவில் மனைவியோடு காய்கறி வாங்கப் போனால், எதிரே வருகிற பையன்கள் சட்டையை அவசர அவசரமாக உள்ளே சொருகிக்கொள்வார்கள். இன்னொரு நாள் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர் ஒருவர், சடையை உச்சியில் கொண்டையாக முடிந்து, தொளதொள பேண்ட்டும் கசங்கிய ஜிப்பாவுமாகப் பள்ளியைக் கடந்து போனார். மாஸ்டர் யோசித்துச் செய்யவில்லை. விசில் தானாக அடித்துவிட்டது. வெள்ளைக்காரர் திடுக்கிட்டு நின்றார். மீசையைப் பார்த்தார். கைகூப்பிவிட்டு, ஜிப்பாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனார். மரத்தடி வரிசை அன்றைக்குத் தண்டனையை மறந்து கைதட்டியது.

இந்த ஊரில் யூனிஃபார்மைக் கட்டிக் காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தாமதமாக வந்தால் கிரிவலக் கூட்டம். ஷூ இல்லாமல் வந்தால் மாலை போட்டிருக்கிறேன். முடி வளர்ந்தால் வேண்டுதல். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிற பையனைத் தடுக்க யாருக்கு மனசு வரும்? மாஸ்டருக்கும் வராது. ஆனால் கேள்வி வரும். பத்தாம் வகுப்பு மாறன் ஒருநாள் பக்கவாட்டில் ஒட்ட மழித்து, நடுவில் மட்டும் கோழிக்கொண்டை விட்டு வந்து நின்றான்.

"வேண்டுதல் சார். சாமிக்கு முடி உட்டிருக்கேன்."

"சைடுல காணோமே?"

"நடுவுல மட்டும்தான் சார் வேண்டுதல்."

"எந்த சாமி?"

"குலசாமி சார். பெருமாளு."

"பெருமாளுக்கு என்னா செய்வீங்க?"

மாறன் உற்சாகமாகிவிட்டான். "கெடா வெட்டுவோம் சார்!"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாறன் சாலையைத் தாண்டி மணிவேலிடம் அனுப்பப்பட்டான். கோழிக்கொண்டை போயிற்று.

அன்றைக்குப் பிறந்ததுதான் வேண்டுதல் ரூல். அது முழுக்க முழுக்க மாஸ்டரின் சொந்தப் படைப்பு. வேண்டுதல் என்று சொல்பவன் மறுநாள் பெற்றவர்களை அழைத்து வர வேண்டும். "போன்லலாம் கெடையாது. பெத்தவங்க நேர்ல வந்து வாயால சொல்லணும்." பொய் என்று தெரிந்தால் முதல் பீரியடு முடிகிற வரைக்கும் மரத்தடி. சாமியிடம் உள்ள பயத்தைவிட அப்பாவிடம் உள்ள பயம் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் பள்ளியில் பக்தி வெகுவாகக் குறைந்துபோனது.

இந்த ஜூனில் புதுப் பிரின்சிபல் வந்தார். கீர்த்தனா மேடம், சென்னைக்காரர். குரல் மெல்லியது, நடை வேகமானது. வந்த வாரமே கேட்டருகே நின்று மாஸ்டர் வேலை செய்கிற அழகைப் பார்த்தார். வேண்டுதல் ரூலைக் கேட்டுவிட்டு, "சூப்பர் சார்! இது மாதிரிதான் இருக்கணும்" என்றார். மாஸ்டருக்கு அந்த வாரம் பூராவும் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கு இருக்கிறது, ஆசிரியர்களுக்கு எங்கே என்று மேடம் அடுத்ததாக யோசித்ததுதான் வினையாகப் போயிற்று.

சர்க்குலர் வந்தது. டீச்சர்களுக்குப் புடவைமேல் கோட். சார்களுக்கு டை, இன் செய்த சட்டை, கறுப்பு ஷூ. கடைசி வரியில் இரண்டே வார்த்தை: கிளீன் ஷேவ். அதற்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். போடும்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? எனக்கென்று ஒரு காப்பி கூடுதலாகப் போட்டு வைத்துக்கொண்டிருப்பேன்.

அன்று பள்ளி விட்டதும் மாஸ்டர் நேராக சலூனுக்கு வந்தார்.

"மணி, கிளீன் ஷேவுன்னா என்னா?"

மணிவேல் சீப்பைத் துடைத்து வைத்தார். "ஷேவிங்னா தாடி மட்டும் சார். கிளீன் ஷேவுன்னா மீசையும் சேத்து."

"தாடிய கிளீனா ஷேவ் பண்ணிக்கினு வான்னு இருக்கக்கூடாதா?"

"அர்த்தம் பிரிக்கறீங்களே சார்" என்றேன் நான், வாசலில் இருந்தபடி. என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு கண்ணாடியில் மீசையை முறைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சிரித்தேன். மணிவேல் சிரிக்கவில்லை.

"அழகு போய்டும்னா சார் பயப்படறாரு? அவங்கப்பா தவறினப்ப இதே சேர்லதான் எடுத்துவுட்டேன். எங்க பக்கமெல்லாம் அப்பா போனா, அம்மா போனாத்தான் மீசைய எடுப்போம். அவங்கம்மா நல்லா இருக்காங்களே, அடி அண்ணாமலையில. எப்பிடி சார் எடுப்பாரு?"

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் அப்பா இறந்த மாதம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மீசை இல்லாமல் கேட்டில் நின்ற மாஸ்டரிடம், "அண்ணா, கேட்டு சார் வரலியா?" என்று ஒரு சின்னக் குழந்தை கேட்டது. அதுவாவது போகட்டும். பெற்றவள் இருக்கும்போதே மீசையை மழிப்பது, இருக்கிறவளுக்குக் கருமாதி செய்கிற மாதிரி. இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? எங்கள் அம்மா போனால்தான் எடுப்பேன் என்று எந்த மகனுடைய வாயிலிருந்து வரும்? வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நாங்கள். சரி, எடுக்காமலேயே வந்து நிற்கலாம் என்றால், நாளைக்கு எந்தப் பையனின் பிடரியில் அவர் விரல் விடுவார்? எடுத்தால் அம்மா, எடுக்காவிட்டால் கேட்டு. ஒரு மனிதனை இரண்டு வார்த்தை இப்படியா கட்டிப்போடும் என்று எனக்கு அந்த சர்க்குலர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

திங்கட்கிழமை வந்தது. கெமிஸ்ட்ரி சார் தன்னுடைய தம்பியைப்போல் வந்து இறங்கினார். கணக்கு சாரை வாட்ச்மேன் யார் என்று கேட்டு நிறுத்தினார். பிறகு டி.வி.எஸ். வண்டி வந்தது. டை இருந்தது. சட்டை இன் செய்யப்பட்டிருந்தது. ஷூ முழுக் கறுப்பு. மீசையும் இருந்தது; எண்ணெய்கூடப் போட்டிருந்தார். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் தாமதமாக வரவில்லை. உள்ளே போன பிள்ளைகளும் வகுப்புக்குப் போகாமல் கேட்டுப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் வந்தார்.

"சார், சர்க்குலர் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"அப்புறம்?"

மாஸ்டர் டை முடிச்சைச் சரிசெய்தார். மலையைப் பார்த்தார். ஊருக்குப் பின்னால் மலை அதுபாட்டுக்கு இருந்தது. இத்தனை வருடங்களாகக் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன சொல் ஒன்று, அவரைக் கேட்காமலே வாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

"வேண்டுதல் மேடம்."

மரத்தடியிலிருந்து யாரோ 'ஐ!' என்று கத்தினார்கள். அது மாறன்தான் என்று சிந்துஜா சத்தியம் செய்கிறாள். மேடத்தின் முகத்தில் புன்னகை மாறவில்லை.

"ஓகே சார். நாளைக்கு பேரண்ட்ட கூட்டிட்டு வந்துடுங்க. நேர்ல வந்து வாயால சொல்லணும், இல்லியா? உங்க ரூல்தானே!"

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. மாஸ்டருக்கு விளையாட்டு என்பது மைதானத்தில் மட்டும்தான். "எஸ் மேடம்" என்றார்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்த அளவுக்குப் பெற்றோர்கள் எந்தப் பரீட்சை சீசனிலும் வந்ததில்லை. ஆதார் கார்டை நீட்டுவார்கள், கண் சாலையில் இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர் இறங்கி, உள்ளே கை நீட்டி, தன் தாயார் சந்திரம்மாளை இறக்கினார். சின்ன உருவம், பச்சைப் புடவை, கையில் ஒரு துணிப்பை. ஐம்பது வயது தாண்டிய மனிதர், டை கட்டிக்கொண்டு, அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருகிறார். பிள்ளைகள் மூச்சு விடாமல் நின்றார்கள். அவ்வளவு ஒழுக்கத்தை மாஸ்டரே அந்தப் பள்ளியில் பார்த்திருக்க மாட்டார்.

மேடம் வேகமாக வந்தார். நிஜமாகவே கூட்டி வந்துவிட்டாரே என்ற பதற்றம் முகத்தில் தெரிந்தது. "வாங்கம்மா, ரூமுக்கு வாங்க, உக்காந்து பேசலாம்."

"இங்கியே சொல்லிட்டுப் போறேம்மா. மாடு கத்தும்." சந்திரம்மாள் துணிப்பையை மேடத்தின் கையில் திணித்தார். "மல்லாட்டை. காலையில வேக வெச்சது, சூடா கீது, துன்னு."

வேர்க்கடலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேடம் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா. சாரோட மீசைக்கு ஏதோ வேண்டுதல்னு சொன்னாரு..."

"வேண்டுதலா?" சந்திரம்மாள் மகனைப் பார்த்தார். மகன் மலையைப் பார்த்தார். "எந்த சாமிக்குடா? எனக்குத் தெரியாம?"

சந்திரம்மாள் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்பிடி ஒண்ணும் கெடையாதும்மா. எதுக்குன்னு சொல்லாம ராத்திரிலேந்து சொல்லிக்கினே இருந்தான், மேடம் கேட்டா ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லுன்னு. சாமி பேர்ல நான் எதுக்கு ஆமா சொல்லணும்?"

கேட்டு குலுங்கியது என்றால் மிகையில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் சிரித்தார்கள். மாறன் சிரிப்பை அடக்க டையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். சந்திரம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"மீசைய ஏன் எடுக்கலன்னா, நான் இன்னும் சாவலம்மா. அவ்ளோதான். அவங்கப்பன் போனப்ப எடுத்தான். அடுத்தது எனக்கு. இவன் இப்ப எடுத்துக்கினு ஊருக்குள்ள வந்தான்னு வெய்யி, கெழவி எப்ப போனான்னு கேட்டுக்கினு மாலையோட வந்துருவானுங்க. நான் வாசல்ல குந்திக்கினு மல்லாட்டை உரிச்சிக்கினு இருப்பேன். மாலைய அவனுங்க எங்க போடுவானுங்க, சொல்லு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், கடலைப் பையோடு சேர்த்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்மா."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். மீசை இருக்கட்டும்."

"இருக்கட்டும் சார்" என்றார் மேடம், மாஸ்டரைப் பார்த்து.  ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. மகன் எந்தச் சொல்லை நாக்கில் எடுக்க மாட்டாமல் பொய்க்குள் போய் விழுந்தாரோ, அதை அந்த அம்மாள் கடலைத் தோலைப்போல் ஊதித் தள்ளிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

மாஸ்டர் கேட்டுக்குத் திரும்பினார். மீசை பிழைத்தது, அவருடைய மதிப்பும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிள்ளைகள் சிரிப்பைத் துடைத்துவிட்டு, தலையைக் குனிந்து பிடரியைக் காட்டிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். அவர் யார் பிடரியையும் தொடவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்தார்.

"என்னா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"வேண்டுதல்னு பொய் சொன்னா என்னா ரூலு?"

வாட்ச்மேன் மேடத்தைப் பார்த்தார். மேடம் "சார், ப்ளீஸ்" என்றார். அதற்குள் மாஸ்டர் நடந்துவிட்டிருந்தார். புங்க மரத்தடியில் அன்றைக்கு நான்கைந்து பேர்தான். கடைசி ஆளாகப் போய் நின்றார். அந்த வரிசையில் பேசக்கூடாது, திரும்பக்கூடாது, பின்னால் கட்டிய கையை எடுக்கக்கூடாது. அவருக்கு முன்னால் நின்றவன் ஆறாம் வகுப்புப் பொடியன். அவனுடைய டை தோளைத் தாண்டி முதுகில் கிடந்தது. மாஸ்டரின் வலது கை எழுந்து அந்த டையை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் போய் இடது கையைப் பிடித்துக்கொண்டது.